சாஸ்திரத்தைக் கதையாகச் சொன்ன கலீலியோ

சூரியன் நடுவில் நிற்கிறது, பூமி அதைச் சுற்றி வருகிறது என்னும் கொள்கையைக் கோப்பர்நிக்கஸ் என்ற போலந்து தேசத்து வானசாஸ்திரி 1543ம் வருஷத்தில் ஒரு பெரிய கிரந்தமாக வெளியிட்டார். ரோமாபுரித் திருச்சபையார் அந்தக் கிரந்தத்தைத் திருத்தும் வரையில் வாசிக்கலாகாதென்று நிறுத்தி வைத்தது 1616ம் வருஷத்தில்தான். இடையில் 73 வருஷ காலம் அது கல்விமான்களுடைய புஸ்தக அலமாரிகளில் சுகமாகவே இருந்து வந்தது. அதே கொள்கையை எடுத்துக்கொண்டு கலீலியோ என்ற இத்தாலியர் 1632ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அரை வருஷம் சென்றதும் விற்பனையை நிறுத்தும்படி உத்தரவு பிறந்துவிட்டது. மறு வருஷம் ஜூன் மாதத்தில் அதன் ஆசிரியர் தமது 69வது வயதில் ரோமாபுரியில் முழந்தாளிட்டு, தாம் எழுதியது பிழையென்று உரக்கப் படிக்க நேர்ந்தது.

கொள்கை ஒன்றே, ஒரு நூலுக்கு 73 வருஷம், மற்றதற்கு ஆறு மாதம். இந்த வித்தியாசத்திற்குக் காரணம் யாது? ராஜாங்க காரணங்களும் சொந்தப் பகைகளும் இருந்தன. அவற்றையும் சொல்வோம். ஆயினும் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வேறொன்று. கோப்பர்நிக்கஸின் நூல் லத்தீன் பாஷையில், கணித சாஸ்திரிகளுக்கென்றே, கோணங்களும் அட்டவணைகளுமாக எழுதப்பட்டது. கலீலியோவின் நூலோ இத்தாலிய ஜனங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய பாஷையில், மூன்று நண்பர்கள் நான்கு நாள் ஒரு மாளிகையில் கூடி வாதித்த கதையாக எழுதப்பட்டது. எழுத்து வாசனையுள்ள வியாபாரியும் சிற்பியும் கப்பலோட்டியும் அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள். அபாயம் அங்கேதான் இருந்தது.

கலீலியோ 1564ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15ந் தேதி பீஸா நகரத்தில் பிறந்தார். தகப்பனார் வின்சென்சோ நரம்பு வாத்தியத்தில் கைதேர்ந்த சங்கீத வித்துவான். பணம் சேர்க்கும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை. தந்திகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, இழுப்பு ஏற ஏறச் சுருதி எவ்வாறு மாறுகிறதென்று தாமே சோதித்து, புராதன காலந்தொட்டுச் சொல்லிவந்த கணக்கு தவறென்று கண்டவர் அவர். பழைய சங்கீதத்தையும் புதிய சங்கீதத்தையும் பற்றி 1581ம் வருஷத்தில் அவர் ஒரு நூல் பிரசுரித்தார். அதுவும் இத்தாலிய பாஷையில், இருவர் சம்பாஷிப்பதாக அமைந்ததே. அப்பொழுது பிள்ளைக்கு வயது 17. பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாத குணமும், விஷயத்தைச் சம்பாஷணையாக நடத்தும் முறையும் அவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

வைத்தியம் படிப்பதற்காகப் பீஸா சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்ட கலீலியோ, கணிதத்தில் மனத்தைப் பறிகொடுத்து, 1585ம் வருஷத்தில் பட்டம் பெறாமலே வெளியேறினார். மூன்று வருஷத்திற்குப் பிறகு, 1588ல், புளோரன்ஸ் நகரத்து வித்வத் சபையில் இரண்டு பிரசங்கங்கள் செய்யும்படி அழைக்கப்பட்டார். விஷயம் என்னவென்றால், இத்தாலியரின் மகாகவியான தாந்தே தமது காவியத்தில் வர்ணித்திருக்கும் நரகத்தின் இருப்பிடம், வடிவம், அளவு ஆகியவை! 24 வயது வாலிபர் ஒருவர் காவியத்தின் குறிப்புகளை வைத்துக்கொண்டு நரகத்தின் ஆழத்தையும் அதன் மேற்கூரையின் கனத்தையும் கோணக்கணிதத்தால் கணக்கிட்டுச் சொன்னார் என்றால் சபையோர் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. இதை விளையாட்டென்று தள்ளிவிடக்கூடாது. ஜனங்களுக்கு மனப்பாடமான ஒரு கதைக்குள் கணிதத்தை நுழைத்து வைத்தால் அது தானாகவே கேட்போரின் மனத்தில் புகுந்துவிடும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார் போலும். அந்தக் கூரையின் கணக்கு பிற்காலத்தில் வேறொரு பயனையும் தந்தது.

1589ல் பீஸாவிலும், 1592 முதல் 18 வருஷம் பதுவா சர்வகலாசாலையிலும் அவர் கணிதம் போதித்தார். தகப்பனார் 1591ல் காலமாகிவிட்டபடியால் சகோதரிகளின் சீதனக் கடன் இவர் தலைமேல் விழுந்தது. மாணாக்கர்களைத் தம் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டும், கணிதக் கருவிகள் செய்வித்து விற்றும் காலம் தள்ளினார். அக்காலத்து விவரங்களை விரித்துச் சொல்ல இங்கு இடமில்லை.

1609ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று செய்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தாமே கண்ணாடி தேய்த்து அதனினும் சிறந்ததொன்றைச் செய்தார். வெனிஸ் குடியரசின் வயோதிக மந்திராலோசனைக்காரர்கள் மணிக்கூண்டின் படிகளில் ஏறி, வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரும் கப்பல்களை அக்கண்ணாடியால் கண்டு பிரமித்தார்கள். பின்னர் பொருள்களை 20 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியைச் செய்து ஆகாயத்தின் பக்கம் திருப்பினார். 1610ம் வருஷம் ஜனவரி 7ந் தேதி இரவில் வியாழ கிரகத்தின் அருகே மூன்று சிறு நக்ஷத்திரங்கள், கிழக்கே இரண்டும் மேற்கே ஒன்றுமாக, ஒரே வரிசையில் நிற்பதைக் கண்டார். மறுநாள் இரவு மூன்றும் மேற்கே இருந்தன. ஒன்பதாந் தேதி மேகம் மறைத்தது. பத்தாந் தேதி இரண்டே தெரிந்தன, இரண்டும் கிழக்கே. பதின்மூன்றாந் தேதி நான்கு!

அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட சிறு நூலில் இந்த விஷயத்தை அவர் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். வியாழனுக்கு நான்கு சந்திரர்கள் உண்டு, நிரூபணம் இதோ, என்று எழுதி முடித்திருக்கலாம். அவ்விதம் செய்யவில்லை. இரவுக்கு இரவு தாம் கண்டதைக் கண்ட வரிசையிலே சொல்லி, சிறு படங்களும் போட்டு, வாசிப்பவனையும் தம்மோடு குளிரில் நிறுத்தி வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் ஏமாந்தது போல் நாமும் ஏமாறுகிறோம். எட்டாந் தேதி திகைக்கிறோம். மேகம் மறைத்த இரவில் நமக்கும் ஆத்திரம் உண்டாகிறது. நான்கு சந்திரர்கள் என்ற முடிவை அவர் சொல்லுமுன்னரே நம் வாய் சொல்லிவிடுகிறது. அச்சிட்ட 550 பிரதிகளும் விரைவில் செலவாயின.

ஆனால் அச்சிறு நூல் லத்தீனில் இருந்தது. ஐரோப்பா முழுவதிலுமுள்ள பண்டிதர்களுக்கு உடனே செய்தி எட்ட வேண்டியிருந்தபடியால் அது அவசியமாயிற்று. அதே வருஷத்தில் டஸ்கனிப் பிரபுவின் ஆஸ்தான கணிதராகப் புளோரன்ஸுக்குத் திரும்பிய பிறகு அவர் பாஷையை மாற்றிக்கொண்டார். தண்ணீரில் மிதக்கும் பொருள்களைப் பற்றி 1612லும், சூரியனிலுள்ள களங்கங்களைப் பற்றி 1613லும் வெளிவந்த நூல்கள் இத்தாலிய பாஷையில் எழுதப்பட்டவை. இதற்குக் காரணத்தை ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். தகுதி இருக்கிறதோ இல்லையோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சர்வகலாசாலைக்குப் போய் வைத்தியர்களும் தத்துவ சாஸ்திரிகளும் ஆகிவிடுகிறார்கள். இயற்கையான புத்தியுள்ள எத்தனையோ பேர் குடும்பக் கவலையிலும் தொழிலிலும் சிக்கிக்கொண்டு, லத்தீன் புஸ்தகங்களைத் தூரத்தில் பார்த்து, அவற்றுக்குள் தங்கள் அறிவுக்கு எட்டாத ரகசியங்கள் உள்ளன என்று வாழ்நாள் முழுவதும் எண்ணிக் கிடக்கிறார்கள். இயற்கை அவர்களுக்கும் கண்ணைக் கொடுத்திருப்பது போல் அதை அறியும் மூளையையும் கொடுத்திருக்கிறது என்பதை அவர்கள் உணரவேண்டும் என்பது கருத்து. கல்வி ஒரு பாஷையிலும் வாழ்க்கை வேறொரு பாஷையிலும் நடைபெறுவதை அறிந்த நம் நேயர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமோ?

1616ம் வருஷத்தில் பூமி சுழலும் கொள்கை வேதாகமத்திற்கு விரோதமென்று ரோமாபுரியில் தீர்மானமாயிற்று. கார்டினல் பெல்லார்மின் கலீலியோவை அழைத்து அக்கொள்கையை விட்டுவிடும்படி எச்சரித்தார். அவரும் சில வருஷம் அது விஷயமாக மௌனம் சாதித்தார்.

1623ல் வால் நக்ஷத்திரங்களைப் பற்றிய ஒரு சண்டையில் அவர் எழுதிய நூலில் ஒரு கதை வருகிறது. தனிமையில் பறவைகளை வளர்த்து வந்த ஒருவன், ஓசை என்பது பறவையின் தொண்டையிலிருந்து மட்டுமே பிறக்கிறதென்று எண்ணியிருந்தான். ஓரிரவு பறவையின் குரல் கேட்டு வெளியே சென்றால், இடையச் சிறுவன் ஒருவன் துளையிட்ட கோலை ஊதிக்கொண்டிருக்கக் கண்டான். அப்பால் ஒருவன் தந்திகளின்மேல் வில்லை இழுத்து நாதம் எழுப்பினான். கோயிற் கதவின் கீலிலிருந்து ஓசை வந்தது. மதுபானக் கடையில் ஒருவன் கிண்ணத்தின் விளிம்பை விரலால் தேய்த்து ஓசை எழுப்பினான். குளவியும் கொசுவும் சிறகால் எழுப்பின. இனித் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவன் நினைத்த வேளையில் கையில் ஒரு சிள்வண்டு அகப்பட்டது. அதன் வாயை அடைத்தும் சிறகைப் பிடித்தும் சப்தம் நிற்கவில்லை. மார்பு ஓட்டைத் தூக்கிப் பார்த்து, உள்ளே கண்ட நரம்புகளை அறுத்தும் நிற்கவில்லை. கடைசியில் ஊசியை ஆழமாகச் செலுத்தினான். குரலோடு உயிரும் போயிற்று. சப்தம் எங்கிருந்து வந்ததென்பது மட்டும் விளங்கவில்லை. அன்று முதல் யாராவது ஓசையைப் பற்றிக் கேட்டால், சில வழிகள் எனக்குத் தெரியும், தெரியாத வழிகள் இன்னும் எத்தனையோ இருக்கும், என்று பதில் சொல்லி வந்தானாம்.

எல்லாம் தெரியுமென்று இறுமாந்திருந்த பண்டிதர்களுக்கு இதைவிட மிருதுவான சவுக்கடி கொடுக்க முடியாது. அவ்வருஷத்தில் எட்டாம் அர்பன் என்ற பெயரோடு போப்பாண்டவரான மாபியோ பார்பெரினி இந்நூலைச் சாப்பாட்டு வேளையில் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்தார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வால் நக்ஷத்திரங்கள் வெறும் ஒளித் தோற்றமாக இருக்கலாம் என்று அந்நூலில் கலீலியோ கொண்ட கட்சி தவறு. எதிர்க் கட்சிக்காரரே உண்மைக்கு அருகில் இருந்தார். அழகாகச் சொன்னவர் எப்பொழுதும் சரியாகவே சொன்னார் என்று கொள்ளலாகாது.

போப்பாண்டவர் பழைய நண்பராதலால் கலீலியோவுக்குத் தைரியம் பிறந்தது. 1624ல் ஆறு தடவை பேட்டியும் கிடைத்தது. இரண்டு கொள்கைகளையும் சமமாக வைத்து எழுதலாம் என்ற அளவில் அநுமதி கிடைத்ததாக அவர் எண்ணினார். அதன் பலனே 1632ல் வெளிவந்த சம்பாஷணை நூல்.

கதை வெனிஸ் நகரத்தில் சாக்ரெடோ என்பவருடைய மாளிகையில் நடக்கிறது. சால்வியாத்தி கோப்பர்நிக்கஸின் கட்சியைப் பேசுகிறவர். சாக்ரெடோ எக்கட்சியையும் சேராமல் கேட்கும் புத்திசாலியான கிருகஸ்தர். இவ்விருவரும் கலீலியோவின் உயிர் நண்பர்கள். ஒருவர் 1614லும் மற்றவர் 1620லும் காலஞ் சென்றவர்கள். மாண்டுபோன நண்பர்களை அவர் இப்புஸ்தகத்தில் மறுபடி பேசவைத்தார். மூன்றாமவர் சிம்பிலிசியோ, அரிஸ்டாட்டிலைத் தவிர வேறு ஆதாரம் அறியாத பண்டிதர். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய பழைய ஆசிரியர் ஒருவரின் பெயர் அது. ஆனால் இத்தாலியர் காதுக்கு அசடன் என்றும் தொனிக்கும். நமது சாஸ்திரங்களில் பூர்வபக்ஷம், சித்தாந்தம் என்று வாதத்தை நடத்தும் வழக்கம் நேயர்களுக்குத் தெரியும். இங்கே பூர்வபக்ஷிக்கு ஊரும் பேரும் கோபமும் பிடிவாதமும் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சிறிய வித்தியாசமன்று.

பூமி சுழன்றால் மேகங்களும் பறவைகளும் பின்தங்கிவிடாவா என்பது அக்காலத்து ஆக்ஷேபம். அதற்குச் சூத்திரம் எழுதாமல் சால்வியாத்தி கேட்போரை ஒரு கப்பலின் கீழறைக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே சில வண்ணத்துப் பூச்சிகள் பறக்கட்டும். ஒரு தொட்டியில் மீன்கள் நீந்தட்டும். மேலே தொங்கும் குப்பியிலிருந்து கீழேயுள்ள பாத்திரத்தின் குறுகிய வாயில் நீர் சொட்டுச் சொட்டாக விழட்டும். கப்பல் நிற்கும்போது எல்லாவற்றையும் நன்றாகக் கவனித்துக்கொள். பிறகு ஆட்டமின்றி ஒரே வேகத்தில் கப்பல் ஓடட்டும். பூச்சிகள் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. மீன்கள் எப்பக்கமும் முன்போலவே நீந்துகின்றன. சொட்டும் அதே வாயில் விழுகிறது. அறையைவிட்டு வெளியேறாமல், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. கடல் வியாபாரம் செய்யும் வெனிஸ் நகரத்தானுக்கு இது எவ்வளவு எளிதாக விளங்கும்!

சாக்ரெடோவும் ஒரு கதை சொல்கிறார். வைத்தியர் ஒருவர் பிரேதத்தை அறுத்து, நரம்புகளெல்லாம் மூளையிலிருந்து புறப்படுவதையும், இருதயத்திற்கு ஒரு மெல்லிய இழை மட்டுமே போவதையும் கண்ணெதிரே காட்டினார். அரிஸ்டாட்டில் பக்தரான ஒரு கனவான் வெகுநேரம் யோசித்து, நரம்புகளின் பிறப்பிடம் இருதயம் என்று அரிஸ்டாட்டிலின் நூல் தெளிவாகச் சொல்லாதிருந்தால் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்றார். இந்தக் கதையைப் படித்துச் சிரித்தவன் மறுநாள் அந்தப் பண்டிதர்களைப் பழைய மரியாதையோடு பார்க்க முடியுமா?

நான்காம் நாளில்தான் விபத்து. கடலின் ஏற்றவற்றம் பூமி சுழல்வதால் உண்டாகிறதென்று கலீலியோ வாதித்தார். அது தவறு, சந்திரனுடைய ஆகர்ஷணமே முதற் காரணமென்று பின்னால் தெளிவாயிற்று. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. ஈசுவரன் சர்வசக்தியுள்ளவனாதலால், மனித புத்திக்கு எட்டாத எத்தனையோ வழிகளில் ஒரே காரியத்தை அவன் நடத்தக்கூடும், ஆகவே இதுதான் காரணமென்று எவரும் சாதிக்கலாகாது, என்பது போப்பாண்டவருடைய சொந்த வாதம். அதைப் புஸ்தகத்தில் சேர்க்கவேண்டுமென்பது ரோமாபுரித் தணிக்கை அதிகாரியின் நிபந்தனை. சேர்த்தாயிற்று, யார் வாயில் வைப்பது? சால்வியாத்தி எதிர்க் கட்சி. சாக்ரெடோவோ அநேகமாக அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். மிஞ்சியவர் சிம்பிலிசியோ ஒருவரே. நான்கு நாளும் தோற்று நின்றவர் வாயிலிருந்து போப்பாண்டவரின் வாதம் வெளிவந்தது. கதையின் அமைப்பு வேறு வழி விடவில்லை என்பது நமது அபிப்பிராயம். கலீலியோ வேண்டுமென்றே பரிகசித்தார் என்று அவருடைய விரோதிகள் சொன்னார்கள். போப்பாண்டவர் அதை நம்பினார். கட்டுரையாக எழுதியிருந்தால் அந்த வாதத்திற்குத் தனியாக ஒரு மரியாதையான இடம் ஒதுக்கியிருக்கலாம். கதையில் எவ்வார்த்தைக்கும் ஒரு வாய் வேண்டும்.

மற்றக் காரணங்களும் சேர்ந்துகொண்டன. எவ்விதத்திலும் இக்கொள்கையைப் போதிக்கலாகாதென்று 1616லேயே கலீலியோவுக்குக் கட்டளையிட்டதாக ஒரு தஸ்தாவேஜு அகப்பட்டது. ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த மத யுத்தத்தில் போப்பாண்டவர் போதிய உறுதி காட்டவில்லையென்று அவர் மேலேயே புகார் இருந்தது. 1633ம் வருஷம் பிப்ரவரியில் நோயாளியான கிழவர் ரோமாபுரி வந்து சேர்ந்தார். ஏப்ரல் 12ந் தேதி விசாரணை ஆரம்பமாயிற்று. ஜூன் 22ந் தேதி தீர்ப்புச் சொல்லப்பட்டது. நீதிபதிகளான 10 கார்டினல்களில் 7 பேரே கையொப்பமிட்டார்கள். புஸ்தகம் தடுக்கப்பட்டது, ஆசிரியருக்குக் காவல். எழுந்திருக்கும்போது, பூமி சுழலத்தான் செய்கிறதென்று அவர் முணுமுணுத்ததாக உலகமெங்கும் சொல்வதுண்டு. அன்று அங்கிருந்தவர் எவரும் அதை எழுதி வைக்கவில்லை. கதை சொன்னவரைப் பற்றியும் ஜனங்கள் கதை கட்டிவிட்டார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு புளோரன்ஸுக்கு அருகே ஆர்செத்திரி என்னும் கிராமத்தில், தம் சொந்த வீட்டிலேயே காவலில் இருக்க உத்தரவு கிடைத்தது. பக்கத்துக் கன்னிமாடத்தில் மூத்த குமாரத்தி மரியா செலெஸ்தே துறவியாக இருந்தாள். தண்டனையின் பகுதியாகத் தகப்பனார் வாரந்தோறும் சொல்ல வேண்டிய சங்கீதங்களைத் தானே சொல்லிவருவதாக ஏற்றுக்கொண்டவள் அவள். 1634ம் வருஷம் ஏப்ரலில், 33 வயதில், அவள் மரணமடைந்தாள். அவள் எழுதிய கடிதங்களில் 124 இருக்கின்றன. அவர் எழுதிய பதில்களில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தத் துக்கத்தோடு கண்பார்வையும் மங்கியது. அவருடைய நூல் எதையும் அச்சிட அநுமதி கொடுக்கலாகாதென்று உத்தரவு. இருந்தும் 1638ம் வருஷத்தில் ஹாலந்திலுள்ள லைடன் நகரத்தில் ஒரு புஸ்தகம் வெளிவந்தது. பொருள்களின் உறுதியையும் அசைவையும் பற்றிய இரண்டு புதிய சாஸ்திரங்களின் அஸ்திவாரம் அதில் இடப்பட்டது. திறந்து பார்த்தால் பழைய மூவருமே பேசிக்கொண்டிருக்கிறார்கள்! வெனிஸ் நகரத்துக் கப்பல் பட்டறையில் தொழிலாளிகளைப் பார்த்து ஆரம்பிக்கிறது பேச்சு. சிறிய கப்பலின் ஒவ்வொரு அளவையும் அதே விகிதத்தில் பெருக்கிப் பெரிய கப்பல் கட்டினால் அது ஏன் தன் பாரத்தாலேயே முறிகிறது? பெரிய மிருகத்தின் எலும்பு ஏன் நீளத்திற்கு மீறித் தடித்திருக்க வேண்டும்? வாலிபத்தில் நரகத்தின் கூரையைக் கணக்கிட்டபோது செய்த பிழையை உணர்ந்ததே இவ்விசாரணைக்கு வித்து என்று தற்காலத்து ஆராய்ச்சிக்காரர் சிலர் கருதுகிறார்கள். சிம்பிலிசியோவும் இங்கே முன்போல் அசடராக இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதராக மாறியிருக்கிறார். கணித நிரூபணங்கள் வருமிடத்தில் மட்டும் பாஷை லத்தீனாகிறது, பேச்செல்லாம் இத்தாலியமே.

1642ம் வருஷம் ஜனவரி 8ந் தேதி அவர் காலமானார். புளோரன்ஸில் சாந்தா குரோசே ஆலயத்தில் சிறப்பான சமாதி எழுப்ப ரோமாபுரி சம்மதிக்கவில்லை. ஒரு சிறிய அறையில் அடக்கம் செய்தார்கள். தகுந்த சமாதி 1737ல்தான் அமைந்தது. சம்பாஷணை நூல் தடுக்கப்பட்ட புஸ்தகங்களின் ஜாபிதாவிலிருந்து நீங்கியது 1835ல். நீதிபதிகள் தவறு செய்தார்களென்று இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் பகிரங்கமாகச் சொன்னது 1992ல்.

இறப்பதற்கு மூன்று மாதத்திற்கு முன், 1641ம் வருஷம் அக்டோபரில், டாரிசெல்லி என்ற இளம் கணிதர் ஆர்செத்திரிக்கு வந்து சேர்ந்தார். விவியானி என்ற மாணாக்கர் அதற்கு முன்பே அங்கிருந்தார். குருடரான கிழவர் படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல டாரிசெல்லி எழுதினார். யூக்ளிடின் விகிதக் கணக்கைப் பற்றிய புதிய பகுதி அது. லைடன் புஸ்தகத்தின் நான்கு நாட்களோடு சேரவேண்டிய ஐந்தாம் நாள். சால்வியாத்தியும் சாக்ரெடோவும் சிம்பிலிசியோவும் அதிலும் பேசுகிறார்கள். விவியானி அதை 1674ல் அச்சிட்டார்.